திரும்பி வரும் கதைகள்

தமிழில் இவ்வகைக் கதைகளுக்கு நிலைத்ததொரு பெயர்கூட இன்னும் அமையவில்லை. அறிவியல் புனைகதை என்பார் சிலர். அறிபுனை என்று சுருக்குவோர் உண்டு. மிகுபுனைவு, மாயப்புனைவு, ஊகப்புனைவு என்று கட்டுரைக்குக் கட்டுரை ஒரு சொல் முளைக்கிறது. பெயர் வைக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு அலைவது போன்றதுதான் இக்கதைகளுக்குப் பிரசுர வாய்ப்புத் தேடுவதும். எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது என்று நமக்கும் தெரியவில்லை. நாங்கள் எங்களுக்குள் ஒரு வரையறை வைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லாத ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, அந்தக் கேள்வியைப் பாதியில் கைவிடாமல் கடைசி வரி வரை கொண்டுசெல்லும் கதை. ரோபோ வந்தாலும் சரி, பேய் வந்தாலும் சரி. பெயர் பின்னால் வரட்டும்.

நாங்கள் நால்வர். கோவையில் வசிக்கிறோம். ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், ஒருவர் கல்லூரி நூலகத்தில். ஒருவர் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை நடத்துகிறார். நான்காமவர் நூற்பாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இக்கட்டுரையில் அதிகம் பேச வேண்டியிருக்கும். 2014 முதல் மாதம் இரண்டு ஞாயிறுகள் கூடுகிறோம். எழுதியதை வாசிக்கிறோம், சண்டையிடுகிறோம், தேநீர் குடிக்கிறோம். நீண்ட பேரேடு ஒன்று வைத்திருக்கிறோம். கதையின் பெயர், அனுப்பிய இடம், அனுப்பிய நாள், முடிவு என்று அதில் நான்கு பத்திகள். பட்டறை நண்பரின் பழக்கம் அது. சரக்கு போன இடம் தெரியாமல் ஒரு வியாபாரம் உண்டா என்பார்.

அந்தப் பேரேட்டில் இதுவரை 31 கதைகள் ஏறியிருக்கின்றன. வெளிவந்தவை 11.

இந்த எண்ணைக் கேட்டதும் சிலர் பாராட்டுகிறார்கள், சிலர் பரிதாபப்படுகிறார்கள். இரண்டுமே எங்களுக்குப் பொருத்தமாகப் படவில்லை. நான்காவது பத்தியில் ஒன்றுமே எழுதப்படாமல் கிடக்கும் வரிகள்தான் எங்களை உறுத்துகின்றன. வெளிவந்தது என்று எழுத முடியவில்லை, மறுக்கப்பட்டது என்றும் எழுத முடியவில்லை. பதிலே வராத கதைகள் அவை.

முன்பு அப்படி இருந்ததில்லை என்று மூத்த எழுத்தாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். போதிய தபால்தலை ஒட்டிச் சுயமுகவரியிட்ட உறையை இணைத்து அனுப்பினால், பிரசுரத்திற்கு ஏற்றதாக இல்லை என்ற அச்சடித்த துண்டுச் சீட்டோடு கதை வீடு திரும்பும். அந்த உறையைத் தபால்காரர் கையில் பார்த்ததுமே முகம் தொங்கிவிடும். ஆனால் ஒன்று முடிந்தது. கதை கையில் இருக்கிறது; வேறு உறை வாங்கி வேறு முகவரி எழுதலாம். இன்று தபால்தலைச் செலவு இல்லை. நொடியில் கதை போய்விடுகிறது. போன கதை திரும்பி வருவதில்லை. மூன்று மாதம் காத்திருப்பதா, ஆறு மாதமா, நினைவூட்டினால் கோபித்துக்கொள்வார்களா, வேறிடத்துக்கு அனுப்பிய மறுநாள் இங்கே வெளிவந்துவிட்டால் என்ன செய்வது? இந்த யோசனைகளில் போகும் நேரத்தில் இன்னொரு கதையை எழுதிவிடலாம். ஆசிரியர் குழுக்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் சம்பளமின்றி, வேலை முடிந்து வந்து இரவில் கண்விழித்து வாசிப்பவர்கள். சி.சு. செல்லப்பா 1959-இல் எழுத்து இதழைத் தொடங்கி, கையிருப்பைக் கரைத்து, புத்தகங்களைச் சுமந்துசென்று விற்ற மரபில் வந்தவர்கள். அவர்களிடம் கறாரான அலுவலக ஒழுங்கை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் ஒரு வரி எழுதலாம். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும்.

இடம் இல்லை என்று நாம் புலம்பும்போது மறந்துவிடும் ஒன்று உண்டு. புதுமைப்பித்தன் 1940-களில் கலைமகளில் எழுதியபோது, கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடித்தார். அதே இதழில்தான் காஞ்சனையும் வந்தது. அது எந்த வகைமை என்று அன்றைய வாசகர் கேட்டதாகத் தெரியவில்லை. கதை, அவ்வளவுதான். கபாடபுரம் என்ற கதையையும் அவரே எழுதினார். அந்தத் துணிவு பின்னால் வந்தவர்களில் பலருக்கு வாய்க்கவில்லை என்பது எங்கள் எண்ணம். பிறகு எங்கோ ஒரு சுவர் எழும்பியது. சிற்றிதழ்கள் வாழ்க்கையை உள்ளபடி எழுது என்றன. அது தேவையான குரல்தான், அதனால் தமிழ்ச் சிறுகதை எவ்வளவோ பெற்றது. வெகுஜன வார இதழ்களில் சுஜாதா ஒருவரே ஒரு படையாக நின்றார். ஆனந்த விகடனில் என் இனிய இயந்திரா தொடராக வந்த 1980-களில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைத் தெரியாத வீடுகள் குறைவு. அவருக்குப் பின் வார இதழ்களில் கதைக்கான பக்கங்களே சுருங்கி, ஒரு பக்கக் கதை என்றாகிவிட்டது. ஒரு பக்கத்தில் உலகம் ஒன்றைப் படைத்து அதை அழிக்கவும் வேண்டுமென்றால் யாரால் முடியும்?

ஆக, சிற்றிதழுக்கு எங்கள் கதை விளையாட்டாகத் தெரிகிறது, வார இதழுக்குப் பாரமாகத் தெரிகிறது. நூலக நண்பரின் கதை ஒன்று ஒரு பத்திரிகையில் வந்தது. பெயர் வேண்டாம். ஊர் முழுக்க நிழல்கள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் நடக்கும் கதை அது. அச்சில் வந்தபோது கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: திடுக்கிட்டு விழித்துக்கொண்டான். ஐந்து வார உழைப்பு ஒரு கெட்ட கனவாகிவிட்டது. நண்பர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பட்டறை நண்பர் மட்டும், நிழல்தான் ஒரு மணி நேரம் முன்னால் போகிறதே, அவர் எழுதும் முன்பே அது விழித்துவிட்டதோ என்னவோ என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தார்.

இணையம் வந்த பின் நிலைமை மாறியது. 2000-களின் தொடக்கத்தில் திண்ணை மின்னிதழில் ஜெயமோகனின் அறிவியல் கதைகள் வந்தன. விசும்பு என்று தொகுப்பாயின. நமது மருத்துவ, யோக, தத்துவ மரபிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்து அறிவியல் கதையாக்க முடியும் என்று எங்களுக்குக் காட்டியவை அவை. 2009-இல் தொடங்கிய சொல்வனம் நீண்ட கதைகளுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடம் தந்தது. 2018-இல் தொடங்கிய அரூ, இவ்வகைக் கதைகளையே முதன்மையாகக் கொண்டு வந்தது; அறிவியல் சிறுகதைப் போட்டிகள் நடத்தி, தேர்வானவற்றைத் தொகுத்து நூலாக்கியது. அந்தப் போட்டி அறிவிப்புகள் வெளியான மாதங்களில் எங்கள் பேரேட்டில் வரிகள் கூடியிருப்பதை இப்போது புரட்டினாலும் காணலாம். இறுதி நாள் ஒன்று இருந்தால் எழுதுகிறோம். பரிசு ஒரு பொருட்டல்ல. யாரோ ஒருவர் ஒரு குறிப்பிட்ட நாளில் நமது கதைக்காகக் காத்திருக்கிறார் என்ற எண்ணம்தான் வேலை செய்கிறது. போட்டி இல்லாத ஆண்டுகளில் நாங்களே அந்த நாளை உண்டாக்கிக்கொண்டோம். முதல் ஞாயிறுக்கு மூன்று பக்கம். நன்றாக இருக்க வேண்டியதில்லை, இருந்தால் போதும். கொண்டுவராதவர் அன்றைய போண்டாவுக்குப் பணம் தர வேண்டும். வங்கி நண்பர் ஓராண்டு முழுக்கப் போண்டாவுக்குச் செலவழித்தார், அதுவும் ஒருவகை இலக்கியச் சேவைதான்.

இனி நூற்பாலை நண்பர். எங்களில் நன்றாக எழுதுபவர் அவர்தான். இதில் எங்களுக்குள் சண்டை இல்லை. இரவுப் பணி முடிந்து காலையில் வந்து, தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம், நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். 2019-இல் ஆழ்துளைக் கிணறு பற்றிய கதை ஒன்றை வாசித்தார். எங்கள் பக்கத்தில் ஆயிரம் அடி தாண்டியும் தண்ணீர் வராமல் கடன்பட்ட குடும்பங்கள் ஏராளம். அக்கதையில் ரிக் வண்டி 1,400 அடி இறங்குகிறது. புழுதிதான் வருகிறது. இயந்திரத்தை நிறுத்தியபின், குழிக்குள் காதை வைத்துக் கேட்கும் கிழவருக்கு மட்டும் ஓர் ஒலி கேட்கிறது. அது கவலை இறைத்த காலத்து மாடுகளின் கழுத்து மணி என்று அவர் நினைக்கிறார். நாமும் அப்படியே நினைக்கிறோம். கதை முடிவதற்குள் தெரிந்துவிடுகிறது, கீழே யாரோ மேல்நோக்கித் துளையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது.

வாசித்து முடித்தபோது யாரும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது.

அதை ஓர் இதழுக்கு அனுப்பினார். பதினான்கு மாதம். இரண்டு முறை நினைவூட்டினார். பதில் இல்லை. வேறிடத்துக்கு அனுப்பச் சொன்னோம், மறுத்துவிட்டார். ஞாயிறுகளில் வருவது குறைந்தது, பிறகு நின்றது. நாங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் எங்களுக்குள் கிடக்கிறது. "வேண்டாம்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. படிச்சாங்களான்னே தெரியலீங்களே. நாம கத்தறது அந்தக் குழிக்குள்ள கத்தற மாதிரித்தானுங்க இருக்குது."

எழுதுபவனின் ஊக்கம் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஏதோ ஓர் ஊற்றைப் பற்றியதாகவே இருக்கிறது. நண்பரிடம் ஊற்று வற்றவில்லை. நாள் முழுக்க நூலின் சீர்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர், அப்போதும் கதைகளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பதாக அவர் மனைவி சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது மறுமுனையில் ஒரு காது.

இந்த இடத்தில் கென் லியுவின் அனுபவம் எங்களுக்குத் துணையாக வந்தது. இன்று பெரும்பெயர் பெற்ற அந்தச் சீன அமெரிக்க எழுத்தாளர், ஒரே ஒரு கதையைத் திருத்தித் திருத்திப் பல ஆண்டுகள் அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லோரும் மறுத்தார்கள். அதைவிட்டு வேறு கதை எழுதவும் அவரால் முடியவில்லை, எழுத்தே நின்றுபோனது. கடைசியில் 2009-இல் ஒரு சிறு தொகுப்பில் அக்கதை வெளிவந்தது. அதன்பின் மடை திறந்தது போல எழுதினார். 2011-இல் வெளிவந்த அவரது காகித விலங்குகள் பற்றிய கதை ஹ்யூகோ, நெபுலா, உலக மிகுபுனைவு விருது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பெற்றது. ஒரு புனைவு இம்மூன்றையும் பெற்றது அதுவே முதல் முறை. வெற்றிக் கதை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெற்றிக் கதைகள் எங்களுக்கு அலுத்துவிட்டன. எவ்வளவு பெரிய திறமையும் ஒரு கதையின் வாசலில் இப்படி மாட்டிக்கொண்டு நின்றுவிட முடியும் என்பதும், அதைத் திறந்தது ஒரு சிறு தொகுப்பு என்பதும்தான் இதில் எங்களுக்கு முக்கியம். பேரிதழ் ஒன்று அன்று அவரை ஏற்கவில்லை. யாரோ ஓரிருவர் படித்து, பிடித்திருக்கிறது என்றார்கள்.

ஆக்டேவியா பட்லர் வேறு மாதிரி. 1970-இல் கிளாரியன் பயிலரங்கில் சேர்ந்தார், இரண்டு கதைகள் விலைபோயின, அடுத்த ஐந்தாண்டுகள் ஒன்றுமே விற்கவில்லை. பாத்திரம் கழுவினார், உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் கெட்டதைப் பொறுக்கும் வேலை பார்த்தார், அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார். முதல் நாவல் 1976-இல் வந்தது. ஊக்கத்தை நம்பாதே, பழக்கத்தை நம்பு என்பது அவரது கட்சி. தன் குறிப்பேடுகளில் தனக்குத்தானே உறுதிமொழிகள் எழுதிக்கொண்டார். அவை இன்று கலிஃபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தரக் கட்டுப்பாட்டு நண்பரிடம் இதை ஒருமுறை சொன்னபோது, வறுவலில் கெட்டதைப் பொறுக்குவதும் நூலில் முடிச்சைப் பார்ப்பதும் ஒரே வேலைதான் என்று சிரித்தார். அவர் கடைசியாக எங்களோடு சிரித்தது அன்றுதான்.

ஆங்கிலத்தின் பக்கம் நாங்கள் திரும்பியது 2021-இல், வங்கி நண்பரின் தூண்டுதலால். அந்தச் சந்தை எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்த்தபோது வாயடைத்துப்போனோம். 1930-இல் அஸ்டவுண்டிங் என்ற பெயரில் தொடங்கி இன்று அனலாக் என்று வரும் இதழ் முதல், 2000-இல் இணையத்திலேயே பிறந்த ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ், 2006-இல் தொடங்கிய கிளார்க்ஸ்வேர்ல்ட் வரை, எத்தனை வாசல்கள்! அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2019-இல் தொழில்முறை ஊதியம் என்று வகுத்தது சொல்லுக்கு 8 சென்ட். ஐயாயிரம் சொல் கொண்ட கதைக்கு 400 டாலர். நம் கணக்கில் 30,000 ரூபாய்க்கும் மேல். தமிழில் பதினொரு கதைகளுக்கும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்ததை இங்கே சொல்லப் போவதில்லை. போண்டாவுக்குக் கூடப் போதவில்லை. சப்மிஷன் கிரைண்டர் என்று ஒன்று 2013 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த இதழ் திறந்திருக்கிறது, சராசரி எத்தனை நாளில் பதில் தருகிறது என்றெல்லாம் எழுதுபவர்கள் பதிவதை வைத்துக் காட்டுகிறது. எங்கள் பேரேட்டின் பெரியண்ணன். பட்டறை நண்பர் அதைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் பெருமிதத்தில் இருந்தார்.

நூலக நண்பரின் நிழல் கதையை, கனவு வரியை நீக்கிவிட்டு, நாங்களே மொழிபெயர்த்தோம். பல இதழ்கள் மொழிபெயர்ப்பை ஏற்கின்றன. ஆங்கிலத்தில் முன்பு வெளிவராதிருந்தால் போதும் என்பார்கள். இதழுக்கு இதழ் நிபந்தனை வேறுபடுவதால் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக்கூடாது என்பது பல இடங்களில் கண்டிப்பு. சொந்த வலைத்தளத்தில் ஏற்றிய கதையைப் பெரும்பாலும் வெளிவந்த கதையாகவே கணக்கில் கொள்வார்கள். அதிக ஊதியம் தரும் இடத்தில் தொடங்கி மேலிருந்து கீழே வருவது அங்குள்ளோர் வழக்கம். அப்படியே செய்தோம். முதல் மறுப்பு மூன்றே நாளில் வந்தது. நாங்கள் அதைக் கொண்டாடினோம் என்றால் நம்ப மாட்டீர்கள். நான்காவது பத்தியில் தேதியோடு ஒரு முடிவு! அன்று போண்டா பொதுச் செலவு. ஒன்பது இடங்களிலிருந்து திரும்பிய பின், பத்தாவதாக ஊதியம் மிகக் குறைந்த ஒரு சிற்றிதழில் அது வெளிவந்தது.

ராபர்ட் ஹைன்லைன் 1947-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் எழுதுபவருக்கு ஐந்து விதிகள் சொல்லியிருக்கிறார். எழுது, எழுதியதை முடி, ஆசிரியர் கேட்டாலொழியத் திருத்தாதே, சந்தைக்கு அனுப்பு, விற்கும்வரை சந்தையிலேயே வைத்திரு. நான்கை அப்படியே எடுத்துக்கொண்டோம். மூன்றாவதை மட்டும் ஏற்கவில்லை. திருத்தச் சொல்லும் ஆசிரியர் தமிழில் எத்தனை பேர்? அந்த வேலையையும் நாமேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஐந்தாவது விதியைத்தான் எங்கள் வீட்டு மொழியில் மாற்றி வைத்திருக்கிறோம்: திரும்பி வந்த கதை வீட்டில் இரண்டு இரவு தங்கக் கூடாது.

ஆனால் ஆங்கிலத்தில் ஒரு சங்கடம். மொழிபெயர்க்கும்போது, கவலை ஏற்றத்துக்கு ஒரு பத்தி விளக்கம் தேவைப்படுகிறது. அதை எழுதினால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. வங்கி நண்பர் இனி நேராக ஆங்கிலத்திலேயே எழுதலாம் என்றார். வஜ்ர சந்திரசேகரவைச் சுட்டினார். கொழும்புக்காரர், ஆண்டுக்கணக்காக ஆங்கில இதழ்களில் சிறுகதை எழுதினார், ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸில் ஆசிரியராகவும் இருந்தார், 2023-இல் வந்த முதல் நாவலுக்கு 2024-இல் நெபுலா விருது பெற்றார். இந்தத் தீவிலிருந்து அவரால் முடியும்போது நம்மால் ஏன் முடியாது? நியாயமான கேள்வி. நூலக நண்பர் ஏற்கவில்லை. தன் அம்மா படிக்க முடியாத மொழியில் பேய்க்கதை எழுதி யாரை பயமுறுத்துவது என்றார். இந்த விவாதம் முடியவில்லை. இருவரும் இருவழியில் போகிறார்கள், ஞாயிறன்று ஒரே மேசையில் உட்காருகிறார்கள்.

பிப்ரவரி 2023 வந்தது. இயந்திரம் எழுதித் தள்ளிய கதைகள் குவிந்ததால் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் அந்த மாதம் 20-ஆம் தேதி வாசலைச் சாத்தியது. அதுவரை அம்மாதம் வந்தவற்றில் சுமார் 500 அப்படிப்பட்டவை. அடுத்த மாதமே மீண்டும் திறந்துவிட்டார்கள். ஆனால் வங்கி நண்பர் அன்று மிகவும் சோர்ந்திருந்தார். நாம் ஐந்து வாரம் எழுதுவதை அது ஐந்து நொடியில் எழுதுகிறது, இனி நமக்கு எங்கே இடம் என்றார். அக்கதைகள் மோசமானவை என்று ஆசிரியர் நீல் கிளார்க்கே சொல்லியிருப்பதைக் காட்டி ஆறுதல் சொல்ல முயன்றோம். எங்களை உண்மையில் கவலைப்படுத்தியது அவரது இன்னொரு குறிப்பு. இதைத் தடுக்கப் போடும் வேலிகள் புதியவர்களையும் வெளிநாட்டு எழுத்தாளர்களையும்தான் முதலில் பாதிக்கும் என்று அவர் அஞ்சினார். நாங்கள் இரண்டு பட்டியலிலும் இருக்கிறோம். வேலி போட்டால் முதலில் முள் குத்துவது எங்களுக்குத்தான்.

இத்தனைக்கும் நடுவில் நூற்பாலை நண்பரின் நோட்டு எங்களிடமே இருந்தது. 2024 தை மாதம் அவரிடம் போய் அனுமதி கேட்டோம். "உங்க இஷ்டமுங்க, எனக்கென்ன இருக்குது" என்றார். அனுமதியா விரக்தியா என்று பிரித்தறிய முடியாத குரல். நூலக நண்பர் அந்த நாற்பது பக்கத்தையும் கணினியில் ஏற்றினார்; ஒரு சொல்லையும் மாற்றவில்லை, எழுத்துப்பிழைகளை மட்டும் பென்சிலால் குறித்து வைத்தார். முதலில் அனுப்பிய இதழுக்கு, கதையைத் திரும்பப் பெறுவதாக ஒரு மின்னஞ்சல் எழுதிவிட்டு, மற்ற இடங்களுக்கு அனுப்பத் தொடங்கினோம். ஓரிடத்தில் நீளம் அதிகம் என்றார்கள். ஓரிடத்தில் தங்கள் இதழின் போக்குக்குப் பொருந்தாது என்றார்கள். மூன்றாமிடத்தில் வழக்கமான மௌனம். மூன்று மாதம் என்று நாங்களே ஒரு கெடு வைத்து, கடிதம் எழுதி எடுத்துக்கொண்டோம்.

நான்காவது ஒரு சிறிய மின்னிதழ். பதினெட்டு நாளில் பதில் வந்தது. இப்போது வெளியிட இயலாது. அதன் கீழே ஆசிரியர் இரண்டு வரி எழுதியிருந்தார். கிழவர் குழியில் காது வைக்கும் இடம் நெடுநேரம் மனத்தில் நின்றதாக முதல் வரி. கீழே இருப்பவர்களுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதைக் கிழவர் புரிந்துகொள்ளும் முன்பே கதை நமக்குச் சொல்லிவிடுகிறது, அதைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கலாம் என்பது இரண்டாவது.

அச்சிட்டு எடுத்துக்கொண்டு மூவரும் ஆலை வாசலுக்குப் போனோம். ஷிப்டு மாறும் நேரம். நண்பர் தலைமுடியில் பஞ்சோடு வெளியே வந்தார். என்னமோ ஏதோ என்று முதலில் பயந்துவிட்டார். தாளை வாங்கி சைக்கிள் ஸ்டாண்டு விளக்கின் கீழே நின்று படித்தார். இரண்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாசலைக் கடந்து பேருந்து நிறுத்தம் வரை ஒன்றும் பேசாமலே நடந்தார். பிறகு, "ரெண்டாவது வரியில அவுங்க சொல்றது, பையன் டார்ச் அடிக்கறானே, அந்தப் பக்கத்தையா? இல்ல, அதுக்கு முந்துன பக்கத்தையா?" என்றார்.

எங்களுக்குத் தெரியவில்லை. மூவரும் மூன்று விதமாகச் சொன்னோம்.

"நோட்டு எங்க இருக்குதுங்க?"

மறுநாளே பட்டறை நண்பர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நான்கு ஞாயிறுகள் போயிருக்கின்றன, அவர் இன்னும் வரவில்லை. பேரேட்டில் அந்தக் கதைக்கு நேராக, நான்காவது பத்தியில், பட்டறை நண்பர் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: எழுதியவர் வசம்.